பழங்கட்டடமும் பதிப்பாசிரியரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு, அண்மைக்காலம் வரை அக்கம்பக்கத்தாரன்றிப் பிறர் அறியாத ஊர். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் கொள்கலன் லாரிகளும் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியில் அது அடங்கிவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022ஆம் ஆண்டில் இங்குள்ள மேட்டை அகழ்ந்தது. கற்கருவிகள், சங்ககாலத்ததாகக் கருதப்படும் செங்கற் கட்டுமானம், பொன்னணித் துணுக்குகள், கண்ணாடி மணிகள், ரோமானிய அம்போரா சாடிகளின் உடைசல்கள், ரௌலட் வகைப் பானையோடுகள் ஆகியன கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. கார் உதிரிப் பாகங்கள் கப்பலேறிப் போகும் அதே நிலத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து சாடிகள் வந்திறங்கியிருக்கின்றன என்ற எண்ணம் பலரை மகிழ்வித்தது. எமக்கும் அது மகிழ்ச்சியே.

ஆனால் அந்நாட்களில் வெளிவந்த கட்டுரைகளைத் தொகுத்து வாசித்தபோது ஒரு குறை தென்பட்டது. அவை அனைத்தும் ‘எவ்வளவு பழமை’ என்ற ஒரே வினாவைச் சுற்றியே நின்றன. மண்ணுக்குள் ஈரமும் அழுத்தமும் ஒரே அளவில் இருந்த நிலையில் நிலைபெற்றிருந்த செங்கற்சுவர் ஒன்று, வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னால் திடீரெனத் திறந்துவிடப்படும்போது அதற்கு என்ன ஆகும், அதைக் காப்பவர் யார், அவர்களது கைத்திறம் எத்தகையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அகழ்வது ஒரு கலை. அகழ்ந்ததையும் ஏற்கெனவே நிற்பதையும் காப்பது மற்றொரு கலை. பின்னதைச் செய்வோர் சிறு குழுவினர். கட்டடக்கலைஞர் ஒருவர் அல்லது இருவர், கட்டுமான வலிமையைக் கணிக்கும் பொறியாளர், அளந்து வரைபவர், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள், மரவேலைத் தச்சர், பெரும்பாலும் இவ்வளவே. இலக்கியத்துக்கும் இசைக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். இவர்களது பணிக்கோ திறப்புவிழாச் செய்தி உண்டு, விமர்சனம் இல்லை. செய்யப்பட்டது நன்றா, தீதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அத்தகைய அளவுகோல் ஒன்று அரபுக் கல்லூரிகளில் பயின்றோர் கைவசம் நெடுங்காலமாகவே இருக்கிறது என்பது எமது கருத்து. அதுவே ‘தஹ்கீக்’ எனும் சுவடிப் பதிப்புக் கலை.

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க அமரும் முஹக்கிக் முதலில் செய்வது வாசிப்பதுதான், திருத்துவதன்று. கிடைக்கும் நுஸ்காக்களை எல்லாம் திரட்டி, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று வழி அறிகிறார். புள்ளி மாறியதால் விளைந்த தஸ்ஹீஃபைக் கண்டுபிடிக்கிறார். பூச்சி அரித்த இடத்தில் தம் சொல்லை எழுதி மூலத்தோடு கலந்துவிட அவருக்கு உரிமையில்லை. அடைப்புக்குறி இட வேண்டும், அல்லது ஓரத்தில் குறிக்க வேண்டும். மத்ன் வேறு, ஹாஷியா வேறு. அப்துஸ் ஸலாம் ஹாரூன் 1954இல் இக்கலைக்கென அரபு மொழியில் தனி நூல் எழுதியபோது, மூலத்தை ‘அழகுபடுத்துவது’ பதிப்பாசிரியரின் வேலையன்று என்பதை அதன் அடிப்படையாகக் கொண்டார். தமிழிலும் இதன் அருமை நமக்குத் தெரியும். 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் தொகுத்துச் சீறாப்புராணத்தை அச்சேற்றியிராவிடில், இன்று நம் கையில் எந்த வடிவம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை எடுத்துக்கொள்வோம். நினைவுச் சின்னங்களைக் காப்போர் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிக்கும் பணி நின்றுவிட வேண்டும் என்கிறது. காணாமற்போன பகுதிக்கு மாற்றாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடத்தில் பல காலத்தவரும் செய்த சேர்க்கைகளை மதிக்கச் சொல்கிறது. சொற்கள்தாம் வேறு, ஹாஷியாவை மத்னோடு கலக்காதே என்பதைத்தான் கல்லிலும் காரையிலும் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு முன்பே 1923இல் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் தமது பாதுகாப்புக் கையேட்டில், சிதைந்ததைப் புதிதாக்குவதைக் காட்டிலும் எஞ்சியதை உள்ளவாறே காப்பதற்கு முதலிடம் தந்திருந்தார்.

இந்த அளவுகோலைக் கொண்டு வடக்குப்பட்டு போன்ற அகழ்விடத்தை நோக்கினால் ஒரு பொதுக்கருத்து மாற வேண்டியிருக்கும். குழியைத் திரும்ப மூடிவிட்டால் ‘மறைத்துவிட்டார்கள்’ என்று குற்றஞ்சாட்டுவது நம் வழக்கம். ஆனால் அளந்து, வரைந்து, படமெடுத்து, அடுக்குகளைப் பதிவு செய்தபின், செங்கற்களின் மேல் துணியும் மணலும் பரப்பி மண்ணால் மூடுவது பல வேளைகளில் மிகச் சிறந்த பாதுகாப்பு. இல்லையேல் நல்ல கூரையும் வடிகாலும் ஆண்டுதோறும் பார்ப்பதற்கு ஆளும் வேண்டும். இம்மூன்றும் இன்றிக் கம்பிவேலியும் பெயர்ப்பலகையும் மட்டும் வைத்துத் திறந்துவிடுவது, அரிய சுவடியை வெயிலில் விரித்துவைத்துக் ‘காட்சி’ என்று சொல்வதற்கு ஒப்பாகும். மேலும், ஓர் அடுக்கில் கற்கருவியும் அதற்கு மேல் பானையோடும் அதற்கும் மேல் பிற்காலச் சின்னமும் கிடைக்கும் இடத்தில் எந்த அடுக்கு ‘நம்முடையது’ என்று சண்டையிடுவதும் பொருளற்றது. எல்லா அடுக்குகளும் சேர்ந்ததே நூல். கிழித்தெடுத்த ஒரு தாளைப் பதிப்பு என்று எவரும் சொல்லார்.

வடக்குப்பட்டில் இன்னும் விமர்சனத்துக்கு உரிய அளவு பாதுகாப்புப் பணி கண்முன் இல்லை. ஆகவே, அங்கிருந்து சில மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடியதும், பணி முடிந்து கண்முன் நிற்பதுமான ஒரு கட்டடத்துக்குச் செல்வோம். அது சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மஹால்.

கர்நாடக நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1760களின் பிற்பகுதியில் கடலை நோக்கி எழுப்பிய இவ்வரண்மனையில் கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பெரும் பகுதிகள் உள்ளன. 1855இல் நவாப் குலாம் கவ்ஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பதவியையே இல்லாமற் செய்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. பின்னர் ராபர்ட் சிஸோம் என்ற கட்டடக்கலைஞர் இரு மஹால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரத்தை எழுப்பினார். அலுவலகப் பயன்பாட்டுக்கு ஏற்பப் பல மாற்றங்களும் நிகழ்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசு அலுவலகங்கள் அங்கே இயங்கின. நவாபின் தர்பார் நடந்த இடத்தில் மரப்பலகைத் தடுப்புகளும் கோப்பு அடுக்குகளும் எழுந்தன. அவற்றையும் அக்கட்டடத்தின் வரலாற்றில் ஓர் அடுக்கு என்றுதான் கொள்ள வேண்டும், விரும்பத்தகாததாயினும்.

2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையானது. தீயணைப்பில் ஈடுபட்ட அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரை வீழ்ந்து சுவர்கள் மட்டும் எஞ்சிய நிலையில், இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எளிது என்ற குரலும் எழுந்தது. அக்குரல் வெல்லவில்லை. கலஸ் மஹால் மீட்டெடுக்கப்பட்டு இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. அடுத்து, கூரைகள் இற்று விழுந்து செடிகள் முளைத்துக் கிடந்த ஹுமாயூன் மஹாலைத் தமிழ்நாடு பொதுப்பணித்துறை எடுத்துக்கொண்டது. அத்துறையில் பழங்கட்டடங்களுக்கென்று உள்ள சிறு பிரிவு, சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில், ஏறத்தாழ 66,000 சதுர அடிப் பரப்புள்ள அக்கட்டடத்தை நிமிர்த்தியிருக்கிறது. பெருந்துறையின் பெயர் பலகையில் இருந்தாலும், வேலையைச் செய்தது விரல்விட்டு எண்ணத்தக்க பொறியாளர்களும் சுண்ணாம்புக் கொத்தனார்களும்தாம்.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம் சிமெண்டை விலக்கியது. இது சிறு தொழில்நுட்பச் செய்தியன்று. பழங்கட்டடப் பணியின் உயிர்நிலையே இதுதான். பழைய செங்கல் மென்மையானது; நுண்துளைகள் உள்ளது. சுண்ணாம்புக் காரை அதனினும் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் உட்புகும் நீரும் காரை வழியாக வெளியேறி ஆவியாகின்றன. உப்பும் காரையிலேயே படிந்து, காலப்போக்கில் காரைதான் உதிர்கிறது. செங்கல் தப்பிவிடுகிறது. காரையைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் நிலைமை தலைகீழாகிறது. ஈரம் உள்ளே சிறைப்படுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. வெளிப்பூச்சு மட்டும் சில ஆண்டுகள் பளபளப்பாக நிற்கும், உள்ளே சுவர் மாவாகும். தன்னைத் தியாகம் செய்துகொண்டு செங்கல்லைக் காக்கும் குணம் சுண்ணாம்புக்கு உண்டு. சிமெண்டோ செங்கல்லைத் தியாகம் செய்து தான் நிற்கும்.

இரண்டாவது, கூரை. சென்னையின் பழைய மாடிகளை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்கள். தேக்கு உத்தரங்களும் அவற்றின்மேல் நெருக்கமாக வைத்த சட்டங்களும்; அச்சட்டங்களின் மேல் சிறு மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் பல நாட்கள் அடிப்பார்கள். அடிக்கும் ஓசையைக் கேட்டே வேலை முடிந்ததா என்று சொல்லும் கொத்தனார்கள் இருந்தார்கள். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். இம்முறையில் ஒரு கூரை போடுவதற்குக் கான்கிரீட் தளம் போடுவதைவிடப் பன்மடங்கு நாளும் கூலியும் ஆகும். அரசுத் துறையில் ஒப்பந்தப் புள்ளியும் தணிக்கையும் உள்ள நிலையில், ‘ஏன் கான்கிரீட் போடவில்லை’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் மீறி இவ்வழியைத் தேர்ந்ததற்காக அக்குழுவினரைப் பாராட்டத்தான் வேண்டும். சுண்ணாம்பை ஊறவைக்கவும் அரைக்கவும் தெரிந்த கைகள் அருகிவிட்ட காலத்தில், ஒரு பெரிய பணி நடந்தால் அதில் சில பத்துப் பேர் அத்தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அதன் மற்றொரு பயன்.

மூன்றாவதாக, சிஸோம் காலச் சேர்க்கைகளை ‘ஆங்கிலேயன் செய்தது’ என்று இடித்துவிட்டு, நவாப் காலத்து அரண்மனையைக் கற்பனையாகப் புனைய அவர்கள் முற்படவில்லை. முஹக்கிக்குக்கு உரிய அடக்கம் இது. பிற்காலத்தார் எழுதிய ஓரக்குறிப்பும் சுவடியின் பகுதியே.

இனி, எமக்குள்ள குறையைச் சொல்ல வேண்டும். மத்ன் நன்றாகப் பதிப்பிக்கப்பட்டிருக்கிறது, ஹாஷியா இல்லை. எந்தச் சுவர் பழையது, எந்த உத்தரம் மாற்றப்பட்டது, எந்த அலங்காரச் சுதைவேலை எஞ்சியிருந்ததைப் பார்த்து வார்க்கப்பட்டது, எது அருகிலுள்ளதை ஒப்பிட்டு ஊகிக்கப்பட்டது என்பதைச் சாதாரண வாசகர் அறிந்துகொள்ளும்படித் தமிழில் விரிவான நூல் ஒன்று வெளிவந்திருக்க வேண்டும். 40 கோடி செலவிட்ட இடத்தில் அதற்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கியிருக்கலாம். சீராகப் பூசிய சுவரைப் பார்த்தால் எல்லாம் ஒரே காலத்தவை போலத் தோன்றுகின்றன. அழகு இருக்கிறது, ஆனால் சுவடியின் வயது மறைந்துவிடுகிறது.

ஒப்பீட்டுக்காக, ஏறத்தாழ அதே பெயருடைய டில்லி ஹுமாயூன் கல்லறையை நினைத்துப் பார்க்கலாம். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் குழு தொல்லியல் துறையோடு சேர்ந்து 2007 முதல் 2013 வரை அங்கே பணியாற்றியது. இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் அடுக்கடுக்காகப் போடப்பட்டிருந்த கான்கிரீட்டை, சுமார் 10 லட்சம் கிலோ அளவுக்கு, கையால் உடைத்து இறக்கினார்கள். அதை எல்லோரும் ஏற்றார்கள். ஆனால் மேல்தளச் சிறு குவிமாடங்களில் ஓடுகள் உதிர்ந்த இடத்தில் புதிய வண்ண ஓடுகளைச் செய்து பதித்தபோது, அது காப்பதா புனைவதா என்று கடும் விவாதம் மூண்டது. உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்கள் வந்து இங்குள்ள இளைஞர்களுக்கு அக்கலையைக் கற்றுத்தந்தது நல்ல காரியம் என்போரும், காலத்தின் தழும்பைத் துடைத்துவிட்டார்கள் என்போரும் இன்றும் உளர். எம்மளவில், எஞ்சிய பழைய ஓட்டை அகற்றாது, இல்லாத இடத்தில் மட்டும் புதியதை வைத்ததால் அதை ஏற்கலாம் என்றே கொள்கிறோம். ஆனால் எமது முடிவைவிட அவ்விவாதம் நடந்ததே முக்கியம். செய்தவர்கள் தாம் செய்ததை ஆவணமாக வெளியிட்டார்கள். ஆகவே மறுப்பவர்களுக்கும் மறுக்க ஆதாரம் கிடைத்தது. சேப்பாக்கத்தில் மறுக்கவும் ஒன்றும் கைக்குக் கிட்டவில்லை.

ஹுமாயூன் மஹாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல பயன்பாடே. பூட்டிக்கிடக்கும் கட்டடம் மீண்டும் இற்றுப்போகும்; மனிதர் நடமாட்டமே அதற்கு மருந்து. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கம்பெனியிடம் கடன்பட்டுக் கடன்பட்டே அதிகாரத்தை இழந்த நவாபும், வாரிசில்லை என்ற காரணத்தால் பதவியும் மனையும் பறிபோன அவர் வழியினரும் அக்கட்டடத்தின் முதற்கதை. அவர்கள் விடுதலை வீரர்கள் அல்லர். முஹம்மது அலீ கம்பெனியின் துணையோடு ஆட்சிக்கு வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சுவருக்குள் நின்று விடுதலையைப் பற்றிப் படிக்கிறோமோ, அச்சுவர் எவ்வாறு அந்நியர் கைக்குப் போயிற்று என்ற பக்கத்தைக் கிழித்துவிட்டு எஞ்சியதைப் படிப்பது சரியன்று. வாலாஜாவின் பெயரால் 1795இல் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடரை இயற்றிக் கல்லில் இடம்பெறச் செய்தவர் நவாபின் செயலரான ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். இத்தகைய செய்திகளுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் போதும்.

அரசின் பணியை இவ்வளவு எடைபோட்ட நாம், நம் கையிலுள்ளதை என்ன செய்துவருகிறோம் என்பதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. தமிழகக் கடற்கரைப் பள்ளிவாசல்களின் பழைய வடிவம் உலகில் தனித்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்தூண் மண்டபங்கள். போதிகைகளில் தாமரையும் கொடியும். உருவம் எதுவும் இல்லை. உயர்ந்த மினாராவும் பெருங்குவிமாடமும் அவற்றுக்கு இயல்பு அல்ல. காயல்பட்டினத்துப் பள்ளி ஒன்றுக்கு வேணாட்டு மன்னர் பெயரால் ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்று பெயர் வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள சிறு கல்பள்ளியின் அரபுக் கல்வெட்டை ஹிஜ்ரி 116 (கி.பி. 734) என்று வாசிக்கிறார்கள். அவ்வாசிப்பைப் பற்றி வாதிடலாம். வாதிடக் கல் இருக்க வேண்டும்.

கடந்த அரை நூற்றாண்டில் வளைகுடாப் பணமும் சிமெண்ட் மூட்டையும் ஒருசேர வந்தன. பல ஊர்களில் கல்தூண்கள் எனாமல் வண்ணத்தில் மறைந்தன. போதிகைகள் பளிங்குப் பலகைக்குள் புதைந்தன. சில இடங்களில் மண்டபமே அகற்றப்பட்டு, எங்கோ பார்த்த படத்தின்படி பச்சைக் குவிமாடம் எழுந்தது. கல்வெட்டு இருந்த கல் துணி துவைக்கும் கல்லாயிற்று என்று முதியவர்கள் சொல்வதுண்டு. செய்தவர்கள் தீய எண்ணமுடையோர் அல்லர். இறையில்லத்தை அழகாக்குகிறோம் என்ற தூய எண்ணத்தோடுதான் செய்தார்கள். அதனால்தான் இது மேலும் கடினமான விமர்சனம்.

இதற்கு ‘மார்க்கம் கட்டடத்தைப் பாதுகாக்கச் சொல்லவில்லையே’ என்று மறுமொழி சொல்லப்படுவதுண்டு. ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பார்ப்பது நலம். ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா நூலில் (ஆசிரியர் புர்ஹானுத்தீன் மர்கீனானீ, இறப்பு ஹி. 593) வக்ஃபு பற்றிய பகுதி தெளிவாக இருக்கிறது. வக்ஃபின் வருவாயில் முதலாவதாக அதன் இமாரத், அதாவது பராமரிப்பு, செய்யப்பட வேண்டும். வாகிஃப் அதை நிபந்தனையாகச் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் அதுவே முதற்கடன். அப்பராமரிப்புக்கு அளவும் கூறப்படுகிறது: வக்ஃபு செய்யப்பட்டபோது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையில் அது நிலைக்கும் அளவே. அதற்கு மேல் சேர்ப்பது இந்தக் கடமையில் அடங்காது. மார்ஷலுக்கும் வெனிஸ் சாசனத்துக்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே நம் மத்ரஸாப் பாடத்தில் இருந்த செய்தி இது. ஓதிக்கொடுத்த நாம் இதை முதவல்லிகளிடம் கொண்டுசென்றோமா என்பது வேறு விஷயம்.

மற்றொரு மறுமொழி வலுவானது. தொழுகையாளர் பெருகும்போது பள்ளியை விரிவாக்காமல் எப்படி இருப்பது? மஸ்ஜிதுந் நபவீயையே உமர் (ரலி), உஸ்மான் (ரலி) விரிவாக்கினார்களே? உண்மைதான், புகாரீயில் அவ்வறிவிப்பு உள்ளது. ஆனால் அதை முழுவதும் வாசிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பள்ளி பச்சைச் செங்கல்லாலும் ஈச்ச மட்டைகளாலும் ஆனது. அபூபக்ர் (ரலி) அதில் எதையும் கூட்டவில்லை. உமர் (ரலி) விரிவாக்கியபோது அதே பொருள்களால், அதே அமைப்பில் விரிவாக்கினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களே ஹிஜ்ரி 29 அளவில் செதுக்கிய கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மாற்றி, தேக்குக் கூரை வேய்ந்தார்கள். அன்று அதைப் பற்றிப் பேச்செழுந்தது. அவர்கள் பதிலும் சொன்னார்கள். ஆகவே இரு வழிகளுக்கும் முன்னோடி உண்டு. விரிவாக்கம் தடையன்று. ஆனால் விரிவாக்க வேண்டிய ஜமாஅத்துக்கு உமர் (ரலி) அவர்களின் வழி முதலில் நினைவுக்கு வர வேண்டாமா? பழைய கல்மண்டபத்தை உள்பள்ளியாக அப்படியே வைத்து, அதன் உயரத்தை மீறாமல் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ புதுக்கூடம் சேர்ப்பது பொறியியலில் கடினமான காரியமன்று. ஒலிபெருக்கி வந்த பின் மினாராவின் உயரத்துக்குப் பாங்கின் தேவையும் இல்லை.

இவ்விரு வழிகளையும் அருகருகே பார்க்கத்தக்க ஒரு தெரு கடல் கடந்து இருக்கிறது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் நிறுவிய இரு இடங்கள் உள்ளன. ஒன்று 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதால் ‘கூச்சுப்பள்ளி’ என்றே வழங்கப்பெற்ற அல்அப்ரார் பள்ளிவாசல். மற்றது 1828 முதல் 1830 வரை எழுந்த நாகூர் தர்கா நினைவிடம். இரண்டும் 1974இல் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கூச்சுப்பள்ளி 1980களின் பிற்பகுதியில் புதுப்பிக்கப்பட்டது. முகப்பைக் காத்துக்கொண்டே உள்ளிடம் பெருகியது. தொழுகை இன்றும் நடக்கிறது. நாகூர் தர்காவோ பழுதுற்று மூடப்பட்டு, 2007இல் பணி தொடங்கி, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டடப் பணியின் நுணுக்கத்தில் பின்னதே உயர்ந்தது. வளைவுகளும் சுதைவேலையும் மிகக் கவனமாகக் காக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே இன்று நாம் பார்வையாளர். முன்னதில் நுணுக்கம் சற்றுக் குறைவு. அங்கே நாம் தொழுகையாளர். எதை முதலில் வைப்பது என்று கேட்டால், கூச்சுப்பள்ளியின் பக்கமே சாய்வோம். குர்ஆன் பிரதியொன்று ஓதி ஓதி விளிம்பு தேய்வது கண்ணாடிப் பெட்டிக்குள் புதிதாக இருப்பதைவிட மேல் என்பதே காரணம். நாகூர் தர்காவைக் காத்தோர் மேல் குறையில்லை. அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

தமிழகத்தில் இத்தகைய தெரிவுகளைச் செய்யும் நிலைக்கே நாம் இன்னும் வரவில்லை. காரணம், என்ன இருக்கிறது என்ற பதிவே போதுமான அளவில் இல்லாமைதான். மெஹர்தாத் ஷுகூஹீ தம் துணைவியாரோடு ஊர் ஊராகச் சென்று அளந்து வரைந்து 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலும், புதுக்கோட்டை அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜா முஹம்மது அவர்களின் நூல்களும் நமக்குள்ள முதன்மைச் சான்றுகள். ஷுகூஹீயின் வரைபடங்களில் காணும் சில அமைப்புகளை இன்று நேரில் தேடினால், அத்தாளில் மட்டுமே அவை இருப்பது தெரியவருகிறது. அந்நூலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, விலையும் அதிகம். நம் ஜமாஅத்துகளில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இத்தனைக்கும் சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் நடத்தும் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்று இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் பழங்கட்டடம் ஒன்றை அளந்து வரைவது அவர்களது படிப்பின் பகுதியே. அரபுக் கல்லூரி மாணவர்களுக்கோ கல்வெட்டின் அரபியையும் ஓரத்து அரபுத்தமிழையும் வாசிக்கும் பயிற்சி உண்டு. இவ்விருவரையும் ஒரு கோடை விடுமுறையில் ஓர் ஊருக்கு அனுப்ப அளவு நாடாவும் நிழற்படக் கருவியும் இரண்டு வாரச் சாப்பாடும் போதும். எந்தப் பள்ளியில் குவிமாடம் எழுப்ப வசூல் தொடங்கியிருக்கிறதோ அந்தப் பள்ளியிலிருந்து தொடங்குவது நலம். அங்கேதான் அவகாசம் குறைவு.